ஜப்பான் போய்த் திரும்பும்போது எதை வாங்கி வந்தால் உருப்படியாக இருக்கும்?

கேள்வி: அஸ்தம்பட்டியார்

வணக்கம். சேலம் அஸ்தம்பட்டியில் குடியிருக்கிறோம். கூட்டுறவு வங்கி ஒன்றில் முப்பத்தைந்து வருடம் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன் நான். மகன் ஒசாகாவில் வேலையில் இருக்கிறான். ஏப்ரலில் நானும் மனைவியும் மூன்று வாரம் அவனோடு தங்கிவிட்டு வரப்போகிறோம். இருவருக்கும் இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். பெங்களூரில் விமானம் ஏறுகிறோம். ஆளுக்கு இரண்டு பெட்டி, பெட்டிக்கு 23 கிலோ.

போகும்போது பெட்டி நிறைந்துவிடும். ஜவ்வரிசி வடாம், பருப்புப் பொடி, மருமகள் கேட்ட இட்லி அரிசி என்று மனைவி பட்டியல் போட்டுவிட்டாள். திரும்பும்போது அந்த இடமெல்லாம் காலி. அதில் எதை வைத்துக் கொண்டு வருவது என்பதுதான் என் கேள்வி.

2010இல் என் மைத்துனர் மலேசியா போய்வந்தார். ஆறு கோப்பைகளோடு ஒரு பீங்கான் தேநீர்க் குடுவை, இரண்டு புட்டி வாசனைத் திரவியம், ஒரு டஜன் கோடாலித் தைலம் கொடுத்தார். அன்போடு கொடுத்ததுதான். தைலம் மட்டும் தீர்ந்தது. குடுவை இன்றும் பரணில் அதே அட்டைப் பெட்டியில் இருக்கிறது. போன பொங்கலுக்குப் பரணைத் துடைத்தபோது எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் அங்கேயே வைத்தேன். அவர் அதை உடையாமல் அத்தனை தூரம் மடியில் வைத்துக் கொண்டுவந்ததை நினைத்தால் மனம் சங்கடப்படுகிறது. அப்படியொரு பாரத்தை நான் பதினான்கு வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க விரும்பவில்லை.

40,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். போய்வந்தவர்கள் சொல்லுங்கள்: வாங்கி வந்து சில வருடங்கள் ஆன பிறகும் உங்கள் வீட்டில் தினமும் கையில் எடுக்கிற பொருள் எது? மனைவிக்கு அங்கே விற்கும் அரிசி குக்கர் மேல் ஒரு கண். அது சரிவருமா என்றும் சொல்லுங்கள்.

பதில்: ஃபேர்லேண்ட்ஸ் வாசகன்

ஐயா, நான் டோக்கியோவில் இரண்டு வருடம் இருந்தவன். குக்கர் வேண்டாம். ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட். நம் வீட்டில் 230. அங்கே வாங்கியதை இங்கே நேராகச் செருகினால் அன்றைக்கே கருகிவிடும். மின்மாற்றி வைத்து ஓட்டலாம் என்பார்கள். ஆயிரம் வாட் இழுக்கிற குக்கருக்கு ஏற்ற மின்மாற்றி குக்கரைவிடக் கனமாக இருக்கும். தலைமுடி உலர்த்தி, இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றுக்கும் இதேதான். வெளிநாட்டவருக்கென்றே 220 வோல்ட் குக்கர் விற்கும் கடைகள் உண்டு. கடைக்காரர் வாய்வார்த்தையை நம்பாமல், குக்கரின் அடியில் ஒட்டிய தகட்டைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

அங்கே உணவல்லாத பொருளுக்கு 10 சதவீதம் விற்பனை வரி. சுற்றுலாப் பயணியாக ஒரே கடையில் 5,000 யென்னுக்கு மேல் வாங்கினால் பாஸ்போர்ட்டைக் காட்டி அந்த வரியை விலக்கிக்கொள்ளலாம். 2026 நவம்பர் 1 முதல் முறை மாறுகிறது: கடையில் வரியோடு கட்டிவிட்டு, கிளம்பும்போது விமான நிலையத்தில் சரிபார்த்த பிறகு திரும்பப் பெற வேண்டும். அப்போது வாங்கிய பொருளைப் பெட்டிக்கு அடியில் புதைத்துவிடாதீர்கள், காட்டச் சொல்லலாம்.

நம் ஊர்ச் சுங்கத்தில் ஒருவர் தீர்வையின்றிக் கொண்டுவரும் பொருள் மதிப்பு 2016 விதிகளில் 50,000 ரூபாய் என்று இருந்தது. இந்த வரம்பை அவ்வப்போது மாற்றுவார்கள், கிளம்பும் வாரத்தில் ஒருமுறை சுங்கத்துறை இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள். ஒன்று நிச்சயம்: தட்டைத் தொலைக்காட்சி 2013 ஆகஸ்டிலிருந்து அந்தச் சலுகையில் சேராது. யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு பென்சிலும் அழிப்பானும் வாங்குங்கள். அங்கத்திய பென்சிலின் ஈயம் கீழே விழுந்தாலும் உள்ளே உடைவதில்லை. என் அக்கா மகள் இரண்டு வருடம் அதிலேயே எழுதினாள்.

பதில்: நாகலூர்த் தோட்டம்

வணக்கம் ஐயா. ஏற்காட்டைத் தாண்டி நாகலூர்ப் பக்கம் ஆறு ஏக்கரில் காப்பியும் மிளகும் வைத்திருக்கிறோம். என் கணவர் காலமான பிறகு பன்னிரண்டு வருடமாகத் தோட்டம் என் பொறுப்பு. என் மகளும் ஒசாகாவில்தான் இருக்கிறாள். 2023இல் அவளுடைய பிரசவத்துக்காக இரண்டு மாதம் போயிருந்தேன். உங்கள் கேள்வியைப் படித்ததும் எழுந்து போய் அடுக்களையையும் கருவி அறையையும் ஒருமுறை பார்த்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

நான் கொண்டுவந்ததில் இன்றும் தினமும் கையில் இருப்பவை நான்கு: செடிக் கிளை வெட்டும் ஒரு கவாத்துக் கத்தரி, ஒரு கை ரம்பம், ஒரு காய்கறிக் கத்தி, ஒரு சாணைக்கல். மற்றதெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அதனால் என் பதில் ஒரே வார்த்தைதான்: இரும்பு வாங்குங்கள். நன்றாக அடித்து, நன்றாகத் தீட்டிய இரும்பு.

ஒசாகாவுக்குத் தெற்கே ஒட்டினாற்போல் சகாய் என்று ஓர் ஊர். ஒசாகாவின் தென்னோஜிப் பகுதியிலிருந்து பழைய டிராம் வண்டி ஒன்று வீட்டு வாசல்களை உரசிக்கொண்டு அங்கே போகிறது. நம் செவ்வாய்ப்பேட்டைக்குக் கொலுசு எப்படியோ அந்த ஊருக்குக் கத்தி அப்படி. இரும்பை அடிப்பவர் ஒருவர், தீட்டுபவர் இன்னொருவர், பிடி போடுபவர் மூன்றாமவர். ஒருவர் வேலையில் மற்றவர் கை வைப்பதில்லை. பதினாறாம் நூற்றாண்டில் புகையிலை நறுக்கும் கத்தி செய்யத் தொடங்கிய ஊராம். மகள் வீட்டில் குழந்தை தூங்கும் நேரம் பார்த்து மாப்பிள்ளை என்னை அழைத்துப்போனார்.

ஒரு சிறிய கடை. உள்ளே எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர். காப்பிச் செடி கவாத்து செய்ய வேண்டும் என்று மாப்பிள்ளை அவர் மொழியில் சொன்னார். நான் 20 சென்டிமீட்டர் கத்தரி ஒன்றைக் கையில் எடுத்திருந்தேன். அவர் அதை மெதுவாக வாங்கி வைத்துவிட்டு, என் வலது உள்ளங்கையை விரிக்கச் சொன்னார். பார்த்தார். பிறகு 18 சென்டிமீட்டர் ஒன்றை எடுத்து என் கையில் வைத்து, விரல்களை மூடச் சொன்னார். பிடி இரண்டும் என் கைக்குள் அடங்கின. முப்பது வருடமாக ஆண்களின் கைக்குச் செய்த கத்தரியைத்தான் நான் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பது அந்த நிமிடம்தான் எனக்கு விளங்கியது. பழம் பறித்து முடித்து, காப்பியைப் பூக்கவைக்கும் பூமழைக்கு முன்னால் ஒரு நாளைக்குப் பல நூறு வெட்டு வெட்டுகிறவளுக்கு இது சிறிய விஷயம் இல்லை. அந்த வருடம் மாசியில் கட்டைவிரல் அடியில் எனக்கு வலி வரவில்லை. மறுவருடம் என்னோடு வேலை செய்யும் இரண்டு பெண்களுக்கும் மகள் மூலம் அதையே வரவழைத்தேன்.

ரம்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ரம்பம் தள்ளும்போது அறுக்கும். அது இழுக்கும்போது அறுக்கிறது. இழுக்கும்போது அலகு வளையாது என்பதால் தகடு மெல்லியது. பல் ஒவ்வொன்றும் மூன்று பக்கம் தீட்டியிருக்கும். வெட்டின முகத்தில் விரலை வைத்தால் இழைத்த பலகை போல் வழவழவென்று இருக்கிறது. காப்பிச் செடியில் பட்டை கிழியக் கிழிய அறுத்தால் அந்தப் பிளவில் தண்ணீர் நிற்கும், அழுகும். அராபிகா என்ற காப்பி வகைக்குப் பெரும் பகையான வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டு முட்டையிடத் தேடுவதும் பட்டை வெடிப்பைத்தான். அதனால் வெட்டு சுத்தமாக இருப்பது எங்களுக்கு அழகுக்காக இல்லை. ஒரு எச்சரிக்கை: அந்தப் பற்களைச் சூடேற்றிக் கடினப்படுத்தியிருப்பார்கள், நம் அரம் ஏறாது. மழுங்கினால் அலகையே மாற்ற வேண்டும். மாற்று அலகு ஒன்றையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

உங்களுக்குத் தோட்டம் இல்லை என்று நினைக்கிறேன், அதனால் காய்கறிக் கத்திக்கு வருகிறேன். நான் நாற்பது வருடம் அரிவாள்மனையில் அரிந்தவள். முழங்கால் மடக்க முடியாமல் போன பிறகு மேசைக்கு மாறினேன். உங்கள் வீட்டு அம்மாவுக்கும் அந்த வயது வருகிறது. சகாயில் கண்ணைக் கவருவது மீன் வெட்டும் நீளக் கத்திகள்தான். அவை ஒரு பக்கம் மட்டும் தீட்டியவை, வலக்கைக்காரருக்கு வேறு, இடக்கைக்காரருக்கு வேறு. நமக்கு அது வேண்டாம். காய்கறிக்கென்று நகிரி என்று ஒன்று, பொதுவான வேலைக்குச் சந்தோகு என்று ஒன்று; இரண்டும் இருபுறமும் தீட்டியவை. 16 சென்டிமீட்டர் அலகு போதும். நான் நகிரி வாங்கினேன். 12,000 யென். அப்போது ஒரு யென் 60 பைசாவை ஒட்டி இருந்தது. விலை அதிகம் என்று அன்றைக்குத் தயங்கினேன். மூன்று வருடமாக எங்கள் வீட்டுப் பீன்ஸும் வாழைத்தண்டும் அதில்தான்.

கடையில் வாங்கியதும் சுற்றிக் கட்டித் தருவார்கள். அதை அவிழ்க்காமல் நேரே வீட்டுக்குக் கொண்டுபோங்கள். 6 சென்டிமீட்டருக்கு மேல் நீளமான கத்தியைக் காரணமின்றிக் கையில் வைத்துக்கொண்டு திரிவது அங்கே சட்டப்படி குற்றம். திரும்பும்போது சரக்கறைக்குப் போகும் பெட்டியில்தான் வைக்க வேண்டும், கைப்பையில் கூடாது.

பதினான்கு வீடுகளுக்கு என்று கேட்டீர்கள். தெனுகுயி என்று பருத்தித் துண்டு விற்கிறார்கள். ஏறக்குறைய 35க்கு 90 சென்டிமீட்டர், எடையே இருக்காது, இருபது வாங்கினாலும் பெட்டியில் ஒரு மூலைக்குத்தான் வரும். விசிறி மடிப்பாகத் துணியை அடுக்கி, பசையால் வரம்பு கட்டி, மேலிருந்து சாயத்தை ஊற்றி, அடியிலிருந்து உறிஞ்சி எடுக்கிறார்கள். சாயம் நூலுக்குள்ளே இறங்குவதால் துணிக்கு உள்பக்கம் வெளிப்பக்கம் என்று கிடையாது. இந்த முறைச் சாயவேலைக்கு ஒசாகாவும் சகாயும் பேர்போனவை. ஒன்றை அம்மாப்பேட்டையில் எனக்குத் தெரிந்த நெசவாளர் ஒருவருக்குக் கொடுத்தேன். வாங்கியவர் நன்றி சொல்லவில்லை. வெளிச்சத்துக்குப் பிடித்தார், திருப்பினார், மறுபடி திருப்பினார். ஓரத்தைத் தடவிப் பார்த்து, "இதை ஏன் மடித்துத் தைக்காமல் விட்டிருக்கிறார்கள்?" என்று கேட்டார். மடிப்பில் ஈரம் தங்காமல் சீக்கிரம் உலரட்டும் என்றுதான் விடுகிறார்கள் என்று மகள் சொன்னதைச் சொன்னேன். அவர் இரண்டு பிரிநூலை உருவி விரலில் முறுக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் கொடுத்த எந்தப் பரிசையும் யாரும் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

சாக்லேட் வாங்காதீர்கள் என்று சொல்லமாட்டேன். பிள்ளைகள் வாசலில் நிற்பார்கள். ஒரு கிலோ போதும்.

பதில்: செவ்வாய்ப்பேட்டை பட்டறை

நாகலூர் அக்கா கொலுசுத் தொழிலை இழுத்ததால் நானும் ஒரு வார்த்தை. மூன்று வருடம் முன்பு பாங்காக் போனேன். அங்கே வெள்ளி நகைப் பட்டறைகளுக்குக் கருவி விற்கும் தெருவில் சுவிட்சர்லாந்து ஊசி அரம் ஒரு கட்டும், மெல்லிய வாள் இழை சில டஜனும் வாங்கி வந்தேன். மொத்தம் அரைக் கிலோகூட இல்லை. அரும்பு வைத்த கொலுசில் இரண்டு அரும்புக்கு நடுவே ராவ வேண்டிய இடம் ஒரு நெல் முனை அளவுதான் இருக்கும். மற்ற அரத்தில் பக்கத்து அரும்பில் கீறல் விழும், மறுபடி மெருகு போட வேண்டும். இந்த அரம் கீறாது. பட்டறையில் நான்கு பேரும் அதற்காக வரிசையில் நிற்கிறோம்.

அதனால் ஐயா, பதினான்கு வீட்டுக்கும் ஒரே பொருள் என்று வைக்காதீர்கள். யார் என்ன கைவேலை செய்கிறார்கள் என்று எழுதிப் பாருங்கள். தையற்காரர் இருந்தால் துணி வெட்டும் கத்தரிக்கோல். சமையற்காரர் இருந்தால் கத்தி. அவர்களே விலை கொடுத்து வாங்கத் தயங்குகிற கருவியை நீங்கள் கொண்டுவந்து கொடுத்தால் சாகும்வரை உங்கள் பெயர் சொல்வார்கள்.

கேள்வி தொடர்ச்சி: அஸ்தம்பட்டியார்

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை நானும் மனைவியும் உட்கார்ந்து செவ்வாய்ப்பேட்டைத் தம்பி சொன்னபடி எழுதினோம். என் தங்கை கொண்டலாம்பட்டியில் இருபது வருடமாக ரவிக்கை தைக்கிறாள். அவள் நினைவே எனக்கு வரவில்லை, வாசனைத் திரவியம் வாங்கலாம் என்று இருந்தேன்.

இரண்டு சந்தேகம். நம் ஊரே எவர்சில்வருக்குப் பேர்போனது, இங்கே இருநூறு ரூபாய்க்குக் கத்தி கிடைக்கிறது. ஏழாயிரம் கொடுத்து அங்கே வாங்க என்ன இருக்கிறது? அடுத்து, மனைவி செடிப் பிரியை. ஜப்பானிலிருந்து பூச்செடி விதையோ, ஒரு சிறு கன்றோ கொண்டுவரலாமா என்று கேட்கிறாள். சேர்வராயன் மலைக் குளிரில் எங்கள் உறவினர் வீட்டில் வளர்க்கலாம் என்பது அவள் எண்ணம்.

பதில்: உருக்காலை ஓய்வூதியர்

முதல் சந்தேகம் என் துறை. நம் வீட்டுப் பாத்திரத்துக்கு ஆகும் துருப்பிடிக்காத எஃகில் ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். புளி, எலுமிச்சை எதற்கும் அசையாது. ஆனால் அதைக் காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்க முடியாது. அதில் கத்தி செய்தால் கூர் நிற்காது. பாத்திரம் வேண்டுமானால் உலகத்தில் எங்கும் தேட வேண்டாம், சேலத்திலேயே வாங்குங்கள்.

கூர் நிற்பதற்குக் கரிமம் வேண்டும். சகாய்க் கத்திகளின் கூர்முனை எஃகில் ஒரு சதவீதமும் அதற்குச் சற்று மேலும் கரிமம் இருக்கும். அது மட்டும் இருந்தால் கண்ணாடி போல் உடையும் என்பதால் மெல்லிரும்போடு சேர்த்து அடித்து ஒட்டுகிறார்கள். வெட்டுவது எஃகு, தாங்குவது இரும்பு. அலகின் மேல் ஓடும் மங்கலான அலைக்கோடு இந்த இரண்டும் சேரும் இடம். கடையில் விளக்குக்குக் கீழே சாய்த்துப் பாருங்கள், தெரியும்.

இதைச் சொல்லும்போது எனக்குக் கஞ்சமலை நினைவு வருகிறது. வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் தெரிகிற அந்த மலை முழுக்கக் காந்த இரும்புத் தாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரங்கிப்பேட்டையில் ஆலை வைத்த ஆங்கிலேயர் இந்தச் சேலத்துத் தாதுவைத்தான் உருக்கினார். தென்னாட்டுக் கொல்லர்கள் மூசை என்ற சிறு மண்குடுவையில் உருக்கி எடுத்த எஃகை அதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே அரபு நாட்டு வாள்காரர்கள் தேடி வாங்கினார்கள். அந்தக் கை நம்மிடம் அறுந்துபோயிற்று; அங்கே அறாமல் வைத்திருக்கிறார்கள். அதற்காகவாவது அந்த ஊரை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

மிக முக்கியம்: அந்தக் கத்தியைத் தெருவில் வரும் சாணைச் சக்கரத்தில் கொடுக்காதீர்கள். உலர்ந்த சக்கரத்தில் தீப்பொறி பறக்கப் பிடித்தால் கூர்முனை நீலம் பாயும். நீலம் என்றால் அந்த இடம் 300 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று பொருள். அந்தச் சூட்டில் எஃகு இளகிவிடும், பிறகு எத்தனை தீட்டினாலும் பழைய கூர் வராது. நாகலூர் அம்மா சொன்ன சாணைக்கல் இல்லாமல் கத்தி வாங்கினால் பாதிதான் வாங்கியதாகக் கணக்கு.

பதில்: நாகலூர்த் தோட்டம்

உருக்காலைப் பெரியவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கல்லின் நெருநெருப்புக்கு எண் போட்டிருப்பார்கள்; ஆயிரம் எண் கல் வாங்குங்கள், அது ஒன்றே வீட்டுக்குப் போதும்.

விதைக்கு வருகிறேன். அம்மாவிடம் என் பெயரைச் சொல்லியே கேளுங்கள்: ஒரு விதை, ஒரு கன்று, ஒரு கிழங்கு, ஒரு பிடி மண்கூட வேண்டாம். 2003ஆம் ஆண்டுத் தாவரத் தடுப்புக்காப்பு ஆணைப்படி முன்கூட்டி அனுமதியும், அந்த நாட்டுச் சான்றிதழும் இல்லாமல் விதையோ செடியோ கொண்டுவரக் கூடாது. சட்டத்தை விடுங்கள், எங்கள் மலையில் நடந்ததைச் சொல்கிறேன்.

காப்பிக் காய் துளைப்பான் என்று ஒரு வண்டு. கறுப்பு, ஒன்றரை மில்லிமீட்டர், கடுகைவிடச் சிறியது. ஆப்பிரிக்காவில் பிறந்தது. என் மாமனார் காலத்தில் இந்தியாவில் அது கிடையாது. 1990இல் நீலகிரி கூடலூரில் முதன்முதலாகக் கண்டார்கள். பிறகு மலை மலையாகப் பரவியது. காயின் தொப்புளில் ஊசி குத்தினாற்போல் ஒரு துளை இருக்கும், வெளியே வேறு அடையாளமே இராது. உள்ளே கொட்டையைக் குடைந்து, அங்கேயே முட்டையிட்டு, குஞ்சுகள் அதையே தின்று வளரும். மருந்து தெளித்தால் உள்ளே இருப்பதைத் தொடாது. ஆகவே ஒரு பழம் விடாமல் பறிக்க வேண்டும், தரையில் விழுந்ததைக் குனிந்து பொறுக்க வேண்டும். எங்கள் பெண்கள் முதுகு வளையப் பொறுக்குவது இதற்காகத்தான். பறிப்பு முடிந்த பிறகு இரண்டு வாரம் வெறும் பொறுக்கல் கூலி மட்டும் கொடுக்கிறேன்.

போன வருடம் வெளிநாடு போய்வந்த ஓர் உறவினர் கைக்குட்டையில் முடிந்து பத்துக் காப்பிக் கொட்டை கொண்டுவந்து, "உன் தோட்டத்தில் போடு" என்று கொடுத்தார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான், அன்பாகத்தான் கொடுத்தார். நான் அவர் முன்னாலேயே அடுப்பில் போட்டேன். அவர் முகம் வாடியது எனக்கும் வலித்தது. ஆனால் மறுபடியும் கொடுத்தால் மறுபடியும் அடுப்பில்தான் போடுவேன்.

அம்மாவுக்குச் செடி ஆசை என்றால் அங்கே தோட்டக் கத்தரி வாங்கட்டும். போகும்போது மகனுக்குக் கறிவேப்பிலை, மாங்காய், பச்சைக் காய் எதையும் பெட்டியில் வைக்காதீர்கள், அங்கேயும் இதே கண்டிப்புதான். வறுத்து அரைத்த காப்பித்தூள் கொண்டுபோகலாம்.

பதில்: வாழப்பாடி மரவள்ளி

அக்கா சொன்னதற்கு இன்னொரு பக்கமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 2020இல் கேரளத்தில் திருச்சூரில் மரவள்ளி மாவுப்பூச்சியைக் கண்டார்கள். தென்னமெரிக்காவில் பிறந்தது. அடுத்த பருவத்துக்குள் எங்கள் காட்டில் இருந்தது. குருத்து சுருங்கிக் கோழிக்கொண்டை போல் கொத்தாகி, செடி வளராமல் நின்றுவிடும். மூன்று ஏக்கரில் கிழங்கு விரல் பருமனுக்கு மேல் தேறவில்லை. ஜவ்வரிசி ஆலைக்கு ஏற்ற வண்டி வைத்தால் வண்டி வாடகைக்குக் கட்டாது.

அதற்கு மருந்து வந்ததும் வெளிநாட்டிலிருந்துதான். இதே பூச்சி ஆப்பிரிக்காவை வாட்டியபோது அதை அடக்கிய ஓர் ஒட்டுண்ணிக் குளவி உண்டு, அனாகைரஸ் லோபெசி என்று பெயர். 2021இல் பெங்களூரு ஆராய்ச்சி நிறுவனத்தார் பெனின் நாட்டிலிருந்து முறையான அனுமதியோடு வரவழைத்து, பூட்டிய அறையில் வைத்துச் சோதித்து, பெருக்கினார்கள். 2022 மார்ச்சில் நம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். கொசுவைவிடச் சிறியது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும். உள்ளே குஞ்சு வளர்ந்து பூச்சியை வெறும் கூடாக்கிவிட்டு வெளியேறும். இலையைத் திருப்பினால் பழுப்பு நிறத்தில் உப்பிய கூடுகள் ஒட்டியிருக்கும். அதைப் பார்த்த அன்று நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கேள்வி முடிவு: அஸ்தம்பட்டியார்

மே மாதம். திரும்பி வந்து பத்து நாள் ஆகிறது. உங்கள் அனைவருக்கும் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

சகாய்க்கு டிராமில் போனோம். சந்தோகு ஒன்று 13,000 யென், ஆயிரம் எண் கல் 4,500, தங்கைக்குத் துணிக் கத்தரிக்கோல் 9,000, தெனுகுயி பதினைந்து, நகவெட்டி ஆறு, பிள்ளைகளுக்குப் பென்சில். எல்லாம் சேர்த்து 50,000 யென்னைச் சற்றே தாண்டியது, ரூபாயில் நான் ஒதுக்கியதைவிடக் குறைவு. மனைவி பூங்காவில் உதிர்ந்து கிடந்த விதைகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள், குனியவில்லை.

தங்கைக்குக் கத்தரிக்கோலைக் கொடுத்தபோது அவள் ஒன்றும் பேசாமல் ஒரு பட்டுத் துண்டை எடுத்தாள். கத்தரியை அரைவாய் திறந்து வைத்துக்கொண்டு, மூடாமலே துணியில் தள்ளினாள். கடைசிவரை ஒரே கோடாகப் பிளந்துகொண்டு போனது. "அண்ணா" என்றாள், அவ்வளவுதான். பழைய கத்தரியால் அவள் கட்டைவிரலில் விழுந்திருந்த காய்ப்பை அன்றுதான் நான் பார்த்தேன்.

ஒரு சிக்கல். முதல் மல்கோவா வந்தது, புதுக் கத்தியில் அரிந்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டோம். அரை மணி கழித்துப் பார்த்தால் அலகில் நீலமும் சாம்பலுமாகப் படலம், பிடிக்கு அருகே இரண்டு செம்புள்ளி. கெடுத்துவிட்டோமா? கல்லில் தீட்டுவதும் கைவரவில்லை.

பதில்: நாகலூர்த் தோட்டம்

கெடவில்லை ஐயா. நீலமும் சாம்பலும் மாங்காய்ப் புளிப்பில் வருவது. அதைத் தேய்க்காதீர்கள், அந்தப் படலம் இருக்கும் இடத்தில் துரு எளிதில் ஏறாது. செம்புள்ளிதான் துரு. சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்து, தக்கையால் தேயுங்கள், போய்விடும். இனி அரிந்த கையோடு கழுவி, துடைத்து, ஒரு சொட்டு தேங்காயெண்ணெய் தடவி வையுங்கள். பரங்கி, தேங்காய், பலாக்கொட்டை மட்டும் அதில் கூடாது. எங்கள் வீட்டுக்கு வந்த ஒருவர் பரங்கியில் ஓங்கிப் போட்டு, என் நகிரியின் நுனியில் பயறளவு சில்லு பெயர்ந்தது. அதைத் தீட்டிச் சரிசெய்ய எனக்கு ஒரு மாதம் ஆனது.

கல்லைத் தண்ணீரில் போடுங்கள். குமிழி வருவது நின்றதும் எடுத்து, ஈரத்துணி மேல் வையுங்கள். கத்தியின் முதுகுக்கு அடியில் இரண்டு ரூபாய் நாணயம் இரண்டை அடுக்கிப் பாருங்கள், அந்தச் சாய்வுதான். பிறகு நாணயத்தை எடுத்துவிட்டு அதே சாய்வைக் கை பிடித்துக்கொள்ளட்டும். தள்ளும்போது லேசான அழுத்தம், இழுக்கும்போது வேண்டாம். கல்லின் மேல் ஊறும் சேற்றைக் கழுவிவிடாதீர்கள், தீட்டுவது அதுதான். ஒரு பக்கம் தீட்டத் தீட்ட மறுபக்கம் விளிம்பில் மெல்லிய பிசிறு விரலில் தட்டும். நுனி முதல் அடிவரை தட்டிய பிறகுதான் பக்கம் மாற்ற வேண்டும். அவசரப்பட்டு நடுவில் மாற்றுவதால்தான் பலருக்குக் கைவருவதில்லை.

முடிந்ததா என்று பார்க்கப் பழுத்த தக்காளி ஒன்றை எடுங்கள். கத்தியை அழுத்தாமல் தோல் மேல் வைத்து, தன் எடையிலேயே இழுங்கள். வழுக்கினால் இன்னும் இருபது இழுப்பு. இறங்கினால் அன்றைக்குப் போதும்.